மகள் கண் மூடாமல் தூங்குகிறாள்: அப்பாவின் தசை நோய் வந்துவிட்டதா?

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே ஒரு வரி பதில் அனுப்பியிருந்தேன். மகளின் சிவந்த கண்ணுக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய அந்தச் சொட்டு மருந்தை இனிமேல் போடாதீர்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு இன்றே கண் டாக்டரிடம் போங்கள் என்று. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விவரமாக எழுதுகிறேன். உங்களைப் போல இன்னும் பல வீடுகளில் இதே பயம் இருக்கும்.

நான்கு பக்கக் கடிதத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்த வரிதான்: "நாலு நாளாகக் காலையில் இடது கண் சிவந்து போகிறது, ஜன்னலைத் திறந்தால் கையால் மறைத்துக்கொள்கிறாள்." அதற்கு வருகிறேன். முதலில், மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் கிடக்கிற ஒரே கேள்விக்கு, அப்பாவின் நோய் மகளுக்கும் வந்துவிட்டதா என்பதற்கு, பதில் சொல்லிவிடுகிறேன்.

வந்திருக்கலாம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்பது வயதில் பலூன் ஊத வரவில்லை, சிரித்தால் உதட்டின் ஓரம் மேலே ஏறாமல் பக்கவாட்டில் மட்டும் இழுபடுகிறது, தூக்கத்தில் கண் மூடுவதில்லை, அப்பாவுக்கோ முகத்தையும் தோளையும் பிடிக்கிற எஃப்.எஸ்.எச்.டி. என்ற தசைச் சிதைவு நோய். இத்தனையும் சேர்ந்திருக்கும்போது டாக்டரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது. இந்த நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆணா பெண்ணா என்ற கணக்கு இதில் இல்லை. கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்ட மாத்திரையால் வந்ததல்ல, கிரகணத்தன்று வெளியே போனதால் வந்ததுமல்ல. உங்கள் கணவர் "என்னால்தான்" என்று இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் தெரிந்து கொடுத்தது எதுவும் இல்லை, இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் நீங்கள் ராத்திரி இரண்டு மணி வரை பார்த்த வீடியோக்கள் வேறு நோயைப் பற்றியவை. பன்னிரண்டு வயதுக்குள் நடை நின்றுபோகிற அந்தப் பையன்களுக்கு இருப்பது டூஷேன் என்ற இன்னொரு வகைத் தசைச் சிதைவு. எஃப்.எஸ்.எச்.டி. வேறு. பெரும்பாலும் மெதுவாகப் போகும், பெரும்பாலானவர்கள் ஆயுள் முழுக்க நடக்கிறார்கள், இதயத்தைப் பெரும்பாலும் தொடாது. சிறுவயதிலேயே முகத்தில் தெரிந்துவிட்டால் வேகம் சற்று கூடுதலாக இருக்கலாம் என்பதும் உண்மை, அதனால்தான் முறையான கண்காணிப்பு வேண்டும் என்கிறேன். டூஷேனுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையை இதற்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. யார் சொன்னாலும் அதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

முகத்தில் பலவீனம் இருக்கிறதா என்று நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று கேட்டிருந்தீர்கள். குழந்தையை உட்கார வைத்து "சிரி" என்று நான் சொல்வதில்லை. சொன்னால் யாருக்கும் சரியாகச் சிரிக்க வராது. பள்ளிக்கூடக் கதை ஏதாவது பேசிக்கொண்டே, அவள் தானாகச் சிரிக்கும்போது கன்னம் எழும்புகிறதா, கண்ணோரம் சுருங்குகிறதா என்று கவனிப்பேன். அப்புறம் கண்ணை இறுக மூடச் சொல்வேன். பலமுள்ள குழந்தை மூடினால் இமை முடிகள் உள்ளே புதைந்து நுனி மட்டும்தான் தெரியும். பலம் குறைந்தால் முடி முழுதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூடிய இமையை என் கட்டைவிரலால் மெல்லத் தூக்கிப் பார்ப்பேன். நல்ல பலம் இருந்தால் திறக்க விடமாட்டாள். கன்னத்தை உப்பச் சொல்லி விரலால் தட்டினால் காற்று உதட்டோரம் கசிகிறதா என்று பார்ப்பேன். விசிலடிக்கச் சொல்வேன். "பம்பரம், பாப்பா, மாம்பழம்" என்று வேகமாகச் சொல்லச் சொல்வேன். ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டியே ஆகவேண்டும், ஒட்டாவிட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

நம் வீடுகளில் இது வெகுநாள் தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள். டம்ளரில் உதடு படுவதே இல்லை, எனவே உதட்டுக்குப் பலம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இளநீர்க் கடையில் ஸ்ட்ரா கொடுத்தால்தான் தெரியவரும். அதனால் அம்மாக்களிடம் நான் கேட்பது பழைய போட்டோக்களைத்தான். பிறந்தநாள் கேக் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கும் போட்டோ ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது. மூன்று வயதில் எடுத்தது, ஆறு வயதில் எடுத்தது, இப்போது எடுத்தது மூன்றையும் எடுத்துப் போங்கள். எப்போது தொடங்கியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எது பலவீனமாக இல்லை என்பதும் முக்கியம். எஃப்.எஸ்.எச்.டி.யில் மேல் இமை தொங்காது, கண்மணி எல்லாப் பக்கமும் நன்றாக ஓடும், மெல்லும் தசைக்கு ஒன்றும் ஆகாது. இமை தொங்கினால் நான் வேறு நோயைத் தேடுவேன். சட்டையைக் கழற்றித் தோளையும் பார்க்க வேண்டும். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது தோள்பட்டை எலும்பு சிறகு போலப் பின்னால் புடைக்கிறதா என்று. இடதும் வலதும் ஒரே அளவில் இருக்காது, இந்த நோயில் அது வழக்கம். "செல்ஃபியில் ஒரு கண் சின்னதாகத் தெரிகிறது" என்று எழுதியிருந்தீர்களே, அதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இனி அந்தச் சிவந்த கண்.

தூக்கத்தில் இமை லேசாகத் திறந்திருப்பது நல்ல ஆரோக்கியமான குழந்தைகளிலும் உண்டு. பொதுவாகக் கருவிழி மேலே உருண்டு இமைக்குள் ஒளிந்துகொள்ளும், வெள்ளை மட்டும் தெரியும். அதனால் ஆபத்தில்லை. இமை மூடும் தசையே பலவீனமாக இருந்து, இடைவெளியில் கருவிழியின் அடிப்பாகம் தெரிகிறது என்றால் கதை வேறு. எட்டு மணி நேரம் அந்த இடம் காற்றில் காய்கிறது. உங்கள் கட்டில் நேராக ஃபேனுக்கு அடியில் இருப்பதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். காய்ந்த இடத்தில் மேல்தோல் உரியும், உரிந்த இடத்தில் கிருமி ஏறினால் புண். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும், பார்வையை மறைக்கும். முகத் தசைக்கு இன்றைக்கு என்னிடம் மருந்து இல்லை. கண்ணைக் காப்பாற்றுவதற்கு இருக்கிறது, அதுவும் எளிய மருந்து.

அவள் தூங்கி ஒரு மணி நேரம் கழித்து, கால்மாட்டில் குனிந்து, மங்கலான வெளிச்சத்தில் கீழிருந்து மேலாகப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் இமை மூடியிருப்பது போலத்தான் தெரியும். வெள்ளை தெரிகிறதா, கருப்பு தெரிகிறதா? ஃப்ளாஷ் போடாமல் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கண் டாக்டர் ஒரு ஆரஞ்சு நிறச் சாயத்தைத் தொட்டுவைத்து நீல வெளிச்சத்தில் பார்ப்பார். உரிந்த இடம் பச்சையாக மின்னும். ஐந்து நிமிட வேலை. பகலில் போட செயற்கைக் கண்ணீர், இரவில் தடவ களிம்பு எழுதிக் கொடுப்பார், தேவைப்பட்டால் இமையை ஒட்டும் முறையையும் காட்டுவார். நீங்களாகப் பிளாஸ்திரி எடுத்து ஒட்டிவிடாதீர்கள். கண் பாதி திறந்திருக்க ஒட்டினால் பிளாஸ்திரியே கருவிழியை உரசும். கட்டிலை இன்றே ஃபேனை விட்டு நகர்த்துங்கள்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, அல்லது கருப்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்து, அல்லது பார்வை மங்கினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். பெங்களூரில் நீங்கள் இருக்கும் அல்சூரிலிருந்து மின்டோ கண் மருத்துவமனை எட்டாத தூரமல்ல. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாரே, அந்தப் பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஸ்டீராய்டு. சிவப்பை இரண்டு நாளில் குறைத்துக் காட்டும், உள்ளே கிருமிப் புண் இருந்தால் அதை வளரவிடும். காரணம் தெரியாத சிவப்புக்கு ஸ்டீராய்டு சொட்டு போட்டுப் பார்வை போன குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். இதில் எனக்குப் பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இமை துடிப்பது நோயல்ல, விடுங்கள். ராத்திரி கெண்டைக்கால் இழுப்பது இந்த வயதில் ஓடியாடுகிற பல பிள்ளைகளுக்கும் வரும். பி12 மாத்திரை இதற்கு எதுவும் செய்யாது. கண்ணாடி முன் தினமும் ஐம்பது தடவை கண்ணை இறுக்கவைப்பதை நிறுத்துங்கள். பலம் கூடும் என்பதற்கு ஆதாரமில்லை, குழந்தைக்குத் தன் முகத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். முகத்துக்குக் கரண்ட் வைப்பதும் வேண்டாம். தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடுகிற சி.கே. என்ற பொருள் நார்மல் என்று நிம்மதிப்பட்டீர்கள். இந்த நோயில் அது நார்மலாகவே இருக்கலாம், அதை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது. இணையத்தில் ஆர்டர் போடவிருந்த எக்ஸோம் சோதனையையும், அதாவது மரபணுக்களில் புரதம் செய்யும் பகுதிகளை மட்டும் படிக்கிற சோதனையையும், நிறுத்துங்கள். எஃப்.எஸ்.எச்.டி.யில் பெரும்பாலானவர்களுக்கு நான்காவது குரோமோசோமின் நுனியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதி சுருங்கிவிடுகிறது. சாதாரண எக்ஸோம் அதைப் பிடிக்காது. தனியான சோதனை வேண்டும், அதை நரம்பியல் டாக்டர்தான் எழுத வேண்டும். கணவருக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனையில் கொடுத்த பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே போங்கள். மகளுக்குக் காது கேட்கும் சோதனையும் விழித்திரைச் சோதனையும் கேட்டு வாங்குங்கள். சிறுவயதில் தொடங்கும் வகையில் இந்த இரண்டும் பாதிக்கப்படலாம், குழந்தைக்குத் தானாகச் சொல்லத் தெரியாது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இந்த நோய் வருடக்கணக்கில் மெல்ல வரும். வீட்டில் யாருக்காவது ஒரே நாளில் முகம் ஒரு பக்கம் கோணினால், உங்கள் கணவராகவே இருந்தாலும், "பழைய நோய்தானே" என்று இருந்துவிடாமல் நேராக எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

கிளாஸ் டீச்சர் அவளை உம்மணாமூஞ்சி என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். திங்கட்கிழமை நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள்: அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், முகத் தசை அதைக் காட்டவில்லை, குரலைக் கேளுங்கள் என்று. பள்ளிக்குக் காட்ட ஒரு கடிதம் வேண்டும் என்றால் நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள், தருவார்.