நடுப்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா?

பள்ளிக்கூடம், சிநேகிதம், வீடு. இந்த மூன்றும் வருகிற சிறுவர் புத்தகங்களைப் பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம்.

பேத்திக்கு எட்டு வயது. சீருடையைப் பார்த்தாலே அழுகிறாள். பள்ளிக்கூடத்தின் மேல் ஆசை வர ஒரு கதைப் புத்தகம் கேட்டேன். கடைக்காரர் ‘ஆயிஷா’வை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கலாமா?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

வேண்டாம் அம்மா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரா. நடராசனின் அந்தக் கதை நல்ல கதைதான். ஆனால் ஆசிரியர்களிடம் அடிவாங்கும் ஒரு மாணவியின் கதை அது, அவள் சாவில் முடிகிறது. ஆசிரியர்கள் படிக்க வேண்டியது. பிள்ளைகள் என்றால் ஒன்பதாம் வகுப்புக்கு மேல். எட்டு வயதுக்கு அதை எடுத்து நீட்டியவர் அட்டையைத் தாண்டிப் போகவில்லை.

நீங்கள் தேட வேண்டியது ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. 1981-ல் ஜப்பானிய மொழியில் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. முதல் வகுப்பிலேயே ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, பழைய ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கும் இன்னொரு பள்ளியில் சேர்கிறாள். அங்கே தலைமை ஆசிரியர் முதல் நாளே நான்கு மணி நேரம் அவள் பேச்சைக் கேட்கிறார். எட்டு வயதுப் பிள்ளை தானே படிக்க எழுத்து அதிகம். அத்தியாயங்கள் சின்னவை, இரவுக்கு ஒன்றாக நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். முடிவில் போர்க்குண்டு விழுந்து பள்ளி எரிந்துபோகும். அந்தப் பக்கம் வருமுன் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

அழுகைக்குக் காரணம் கழிப்பறையா, பக்கத்துப் பிள்ளையா, பிரம்பா என்று கேட்டீர்களா? அதற்குப் புத்தகம் மருந்தாகாது.

பத்து வயசுப் பையன். எந்தப் புத்தகம் நல்லது?
– மன்னார்குடி

அவன் என்ன படிப்பான், எவ்வளவு படிப்பான், எதற்குச் சிரிப்பான்? ஒன்றையும் எழுதவில்லை. எழுதுங்கள், பார்க்கலாம்.

‘பள்ளி, நட்பு, குடும்பம்: 20 நீதிக்கதைப் புத்தகங்கள்’ என்று ஆன்லைனில் பார்த்து 799 ரூபாய் கட்டினேன். வந்ததில் ஒவ்வொன்றும் 16 பக்கம். ஒரே கதை மூன்று புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப் பிழை. ‘புத்தகத்தைத் திருப்பி எடுப்பதில்லை’ என்கிறார்கள்.
– பாபநாசம்

உங்கள் மேல் தப்பில்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ன் மின்வணிக விதிகள். ‘எங்கள் கடை வழக்கம்’ என்ற பேச்சு அங்கே எடுபடாது. முதலில் விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளை அதை மாற்றிவிடுவார்கள். ஒரே கதை வரும் மூன்று புத்தகங்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படம் எடுங்கள். ஆர்டர் எண்ணோடு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனிலேயே மனுப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.

இந்தப் புத்தகப் பெட்டிகள் மேல் எனக்கு நெடுநாள் கோபம். ஒன்று என் அலமாரியிலும் தூங்குகிறது. எழுதியவர் பெயர் இருக்காது, வரைந்தவர் பெயர் இருக்காது. மொழிபெயர்ப்பு என்பது வரிக்கு வரி தெரியும், செய்தவர் யார் என்பது மட்டும் தெரியாது. பெயர் போட ஆளில்லாத புத்தகத்தில் பிழை பார்க்க மட்டும் ஆள் இருந்திருப்பாரா? உள்ளே போனால் முதல் ரேங்க் பையன் நல்லவன், கடைசி பெஞ்சுப் பையன் திருந்தப் பிறந்தவன். அம்மா அடுப்படியில், அப்பா பேப்பரோடு. சண்டை போட்ட இரண்டு தோழிகள் அரைப் பக்கத்தில் ராசியாகிவிடுவார்கள். கடைசியில் கட்டம் கட்டி ‘நீதி’. கதை சொல்லத் தெரிந்திருந்தால் கட்டம் எதற்கு? பரீட்சைக்குப் படித்துப் பழகிய பிள்ளை கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடும்.

சிநேகிதக் கதை என்றால் சண்டை எதனால் வந்தது, யார் முதலில் பேசினார்கள், பேச எது தடுத்தது, இவ்வளவும் கதைக்குள்ளேயே நடக்க வேண்டும். அதனால்தான் நடுப்பக்கத்தைப் பிரியுங்கள் என்கிறேன். முதல் பக்கத்தை யாரும் ஜோடித்துவிடலாம், நடுவில்தான் சாயம் வெளுக்கும். கூடவே பதிப்பு விவரப் பக்கத்தையும் பாருங்கள். எழுதியவர், வரைந்தவர், ஆண்டு, பதிப்பக முகவரி நான்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். ஆன்லைனில் உள்பக்கப் படம் காட்டாதவரிடம் வாங்கவே வேண்டாம்.

தடிமனான புத்தகம்தானே கொடுக்கிற காசுக்குத் தகும்?
– திருவையாறு

எடை பார்த்து வாங்க அது பொன்னி அரிசி இல்லை.

அரசுப் பள்ளி நான்காம் வகுப்பு ஆசிரியை நான். 22 பிள்ளைகள். பழைய மாணவர்கள் 2,000 ரூபாய் கொடுத்தார்கள். சிலர் சரளமாகப் படிக்கிறார்கள், சிலர் இன்னும் எழுத்துக் கூட்டுகிறார்கள். எப்படிச் செலவழிக்க?
– திருவாரூர் மாவட்டம்

முதலில் பள்ளி பீரோவைத் திறந்து பாருங்கள். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் பள்ளிகளுக்குக் கொடுத்த நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் கிடக்கலாம். எழுத்துக் கூட்டுகிறவர்களுக்கு ‘நுழை’, ‘நட’ போதும்.

அடுத்து, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம். தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கலாம், அச்சிடவும் உரிமம் உண்டு. நான்கு படிநிலைகள் இருக்கும். உங்கள் வகுப்புக்கு 1 முதல் 3 வரை எடுங்கள். ஜெராக்ஸ் கடையில் மொத்தமாகக் கொடுக்காமல் ஒரு கதையை அச்சிட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் படம் கரிப்பூச்சாக வந்தால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள். இதற்கு 400 ரூபாய்க்கு மேல் போக வேண்டாம். இடது ஓரத்தில் நூலால் தையுங்கள், ஸ்டேப்ளர் பின் மழைக்காலத்தில் துருப்பிடிக்கும்.

மீதி 1,600-ஐப் புத்தகக் கண்காட்சிக்கு எடுத்துப் போங்கள். 10 சதவீதக் கழிவு அங்கே வழக்கம். ஒவ்வொரு தலைப்பிலும் இரண்டு பிரதி வாங்குங்கள். சரளமாகப் படிக்கிற பிள்ளையும் தடுமாறுகிற பிள்ளையும் சேர்ந்து உட்காரலாம். போகும்போது வகுப்பிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிப் போய் நடுவில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தட்டினால் அது நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். வாங்கலாம், ஆனால் ஒரு பிரதி போதும்.

அண்ணன் மகளுக்குப் பத்து வயது. ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ கொடுக்கலாமா? அண்ணி தயங்குகிறார்.
– அத்தை, பட்டுக்கோட்டை

தாராளமாக. யெஸ். பாலபாரதி எழுதியது, 2020-ல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பெரியவர் ஒருவரின் தவறான தொடுதலைப் பிள்ளை வெளியே சொல்லுவதுதான் விஷயம். முதலில் அண்ணியிடம் கொடுங்கள். அவர் படித்துவிட்டுக் கொடுத்தால், பிள்ளை கேள்வி கேட்கும்போது பேச்சை மாற்ற மாட்டார்.

ஊர் நூலகத்தில் சிறுவர் புத்தகம் எல்லாம் பழசு. காசு போட்டு வாங்குவதுதான் வழியா?
– சீர்காழி

இந்திய நூலகவியலின் தந்தை ரங்கநாதன் 1892-ல் பிறந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி! 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியிலேயே நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. 1948-ன் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள். ஆக, காசு ஏற்கெனவே போட்டாயிற்று. வேண்டிய புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதி நூலகரிடம் கொடுங்கள். நகலை மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். ‘நல்ல புத்தகம் வாங்குங்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஒன்றும் நடக்காது.

படக்கதைப் புத்தகத்துக்கு பில்லில் 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள்.
– வேதாரண்யம்

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. சிறுவர் படப் புத்தகம், வண்ணம் தீட்டும் புத்தகம் எதற்கும் இல்லை. பில்லோடு போய்த் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் 1915.

மழையில் வீட்டுக்குள் தண்ணீர். பிள்ளைகளின் படப் புத்தகங்கள் நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன.
– நாகப்பட்டினம்

வெயிலில் வைக்காதீர்கள். படப் புத்தகங்களின் பளபளப்பான தாளான ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சு தண்ணீரில் இளகும், அப்படியே காய்ந்தால் பசையாக இறுகிவிடும். ஈரம் இருக்கும்போதே ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்து, பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். இன்று முடியாதென்றால் பாலித்தீன் உறையில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யலாம். காய்ந்து ஒட்டியதை இழுத்தால் படம் கிழிந்து வரும். நடுவில் பின் அடித்த புத்தகமானால் பின்னைக் கழற்றிவிட்டு அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். இனி வாங்குவது பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளாக இருக்கட்டும். ஐப்பசி பிறக்குமுன் கீழ்த்தட்டைக் காலி செய்துவிடுங்கள்.