கோடையில் கோழிகள் சாகாமல் இருக்கக் குடிநீரில் வைட்டமின் சி கலந்து கொடுத்தால் போதுமா?

கேட்டவர் என்னைப் போல வீட்டில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் வைத்திருப்பவர் என்று எண்ணி எழுதுகிறேன். வைட்டமின் சி உதவும், ஆனால் அது மட்டுமே காப்பாற்றாது. நான் கால்நடை மருத்துவர் அல்லன். நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளுக்கு நடுவே வளர்ந்து, இப்போது தில்லி நஜஃப்கரில் வாடகை வீட்டு முற்றத்தில் கோழி வளர்ப்பவன். படித்தவர்கள் பிழை கண்டால் திருத்தலாம், ஆனால் மூன்று கோழிகளை இழந்த பிறகே இதைச் சொல்கிறேன்.

தில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 பாகை வெப்பம் பதிவான 2024 மே மாதக் கடைசி வாரம் அது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது என்பதால், வாயைத் திறந்து இரைத்துத்தான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் இரத்தத்தில் காரத்தன்மை கூடி, முட்டை ஓடு உருவாகத் தேவையான பைகார்பனேட்டு குறைந்துவிடுகிறது. என் கோழிகள் அந்த வாரம் கெட்டி ஓடில்லாத தோல்முட்டை இட்டதற்குக் காரணம் அதுதான். கோழி தன் சிறுநீரகத்திலேயே வைட்டமின் சியை உண்டாக்கிக்கொள்ளும் என்றாலும், கடும் வெப்பத்தில் அந்த அளவு போதாமல் போகும். ஆகவே வெளியிலிருந்து கொடுப்பதில் நியாயம் உண்டு.

நான் செய்த தவறு வேறு. காலையில் மாடியின் கறுப்புத் தொட்டித் தண்ணீரைத் தகரத் தொட்டியில் பிடித்து, பொடியைக் கலந்து, வெயிலிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் மாலை திரும்பியபோது மூன்று கோழிகள் கிடந்தன. ஊரிலிருந்த அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னதும், "ஏஞ்சாமி, அந்தத் தண்ணியில கைய வெச்சுப் பாத்தியா?" என்று கேட்டார். நான் பார்க்கவே இல்லை. கொதிக்கும் தண்ணீரைக் கோழி குடிக்காது. சூடும் வெளிச்சமும் இரும்பும் சேர்ந்தால் வைட்டமின் சி விரைவில் சிதைந்தும் போகும்.

இப்போது விடியற்காலையில் மண்சட்டியில் ஆறிய நீரை ஊற்றி, அதில் பொடியைக் கலந்து வைத்து, இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுகிறேன். பிறகு நாள் முழுவதும் நிழலில் வெறும் குளிர்ந்த நீர்தான். செரிக்கும்போதும் உடலில் சூடு பிறக்கும் என்பதால், தீவனத்தை அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பின்பும் மட்டுமே வைக்கிறேன். கூண்டின் மேல் நனைத்த சாக்கு, காற்று வர வழி, இவை இல்லாமல் எந்தப் பொடியும் பயன் தராது.

அளவு பற்றி ஒரு மனக்குறை உண்டு. நான் வாங்கிய பொட்டலத்தில் ஆயிரம் கோழிகளுக்கான கணக்கு மட்டும், அதுவும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. வீட்டில் வளர்ப்பவர்களை யாரும் நினைப்பதில்லை. ஒரு கிலோ தீவனத்துக்குச் சுமார் 250 மில்லிகிராம் வைட்டமின் சி என்பது ஆய்வுகளில் பரவலாகப் பயன்படுத்தப்படும் அளவு. பன்னிரண்டு கோழிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ தின்னும் என்றால் 300 மில்லிகிராம் வரும். வெயிலில் அவை தீவனத்தைக் குறைத்துவிடுவதால்தான் அதை நீரில் கொடுக்கிறேன். உங்கள் கோழிகள் இப்போதே இரைக்கின்றன என்றால், பொடியைத் தேடிக் கடைக்குப் போகும் முன் தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள்.