பிபிஎல் முதல் வி வரை: பெயர் மாறினால் சிம்மும் மாற வேண்டுமா?

கேள்வி: 2001-இல் ஈரோட்டில் பிபிஎல் மொபைல் இணைப்பாக வாங்கிய எண்ணையே இன்றும் வைத்திருக்கிறேன். அது ஹட்ச் ஆனது, பிறகு வோடபோன் ஆனது, இப்போது வி என்கிறார்கள். ஆனால் போஸ்ட்பெய்டு பில்லில் வோடபோன் ஐடியா லிமிடெட் என்றும், குஜராத் முகவரியும் இருக்கின்றன. சென்ற வாரம் ஒருவர் அழைத்து, "உங்கள் கம்பெனி அரசுக் கம்பெனியாகிவிட்டது; பழைய பெயரில் உள்ள சிம் இன்று இரவோடு செயலிழந்துவிடும்; வந்திருக்கும் ஓடிபியைச் சொல்லுங்கள்" என்றார். நான் சொல்லவில்லை. உண்மையில் என் ஒப்பந்தம் யாருடன் இருக்கிறது? நாளை பில்லில் தகராறு வந்தால் எந்தப் பெயரில் புகார் கொடுப்பது? பேசாமல் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: ஓடிபியைச் சொல்லாமல் விட்டீர்களே, அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது. அழைத்தவர் மோசடிக்காரர். கடைப் பலகையில் பெயர் மாறியதற்காக இந்தியாவில் யாருடைய சிம்மும் செயலிழந்ததில்லை. உங்கள் எண்ணின் வரலாறே இதற்குச் சான்று.

தமிழ்நாட்டில் இயங்கிய பிபிஎல் நிறுவனத்தை ஹட்சிசன் எஸ்ஸார் குழுமம் 2005-2006 காலத்தில் வாங்கியது. நீங்கள் ஹட்ச் வாடிக்கையாளர் ஆனீர்கள். 2007-இல் ஹட்சிசனின் பங்குகளைச் சுமார் 1,100 கோடி டாலருக்கு பிரிட்டனின் வோடபோன் வாங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் பெயரையும் மாற்றியது. 2017 மார்ச்சில் வோடபோன் இந்தியாவும் ஆதித்ய பிர்லா குழுமத்தின் ஐடியாவும் இணைவதாக அறிவித்தன. 2018 ஆகஸ்ட் 31 அன்று நிறுவனங்களின் இணைப்பு நிறைவேறியது. வி என்ற வணிகப் பெயர் வந்தது 2020 செப்டம்பர் 7 அன்று. இத்தனை மாற்றத்திலும் உங்கள் எண் மாறவில்லை, ஒப்பந்தமும் முறியவில்லை.

குஜராத் முகவரி ஏன் என்பதுதான் இந்தக் கதையில் பலர் கவனிக்காத இடம். இணைப்பு நடந்தபோது ஐடியா வோடபோனுக்குள் போகவில்லை. வோடபோன் இந்தியாதான் ஐடியா செல்லுலார் நிறுவனத்துக்குள் கரைந்தது. பின்னர் அந்த ஐடியா செல்லுலாரே வோடபோன் ஐடியா லிமிடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதுவோ 1995-இல் பிர்லா கம்யூனிகேஷன்ஸ் என்ற பெயரில் பதிவாகி, அமெரிக்காவின் ஏடி அண்ட் டி கூட்டாளியாக வந்தபோது பிர்லா ஏடி அண்ட் டி ஆகி, டாடாவும் சேர்ந்தபோது மூன்று பெயர்களையும் தாங்கி, 2002-இல் ஐடியா செல்லுலார் ஆன நிறுவனம். அதன் பதிவு அலுவலகம் காந்திநகரில் இருப்பதால்தான் அந்த முகவரி உங்கள் பில்லில் அச்சாகிறது. ஐடியா கடைப்பக்கமே போகாத நீங்கள், சட்டத்தின் பார்வையில் ஐடியாவின் வழிவந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்.

ஆகவே புகாரில் 'வி' என்று மட்டும் எழுதாதீர்கள். அது விளம்பரப் பெயர். பில்லின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள முழுப் பெயரையும் பதிவு முகவரியையும் அப்படியே எடுத்தெழுதுங்கள். பழைய பெயரில் நடந்த தவறுக்குப் புதிய பெயர்க்காரர் பொறுப்பில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிறுவனங்கள் இணையும்போது சொத்துகளோடு கடன்களும் பொறுப்புகளும் சேர்ந்தேதான் வருகின்றன. அகமதாபாத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு மாதம் சராசரியாக 555 ரூபாய் வந்துகொண்டிருந்த பில், 2013 நவம்பர்-டிசம்பரில் 24,609 ரூபாயாக வந்தது. வோடபோன் காலத்தில் அவர் 2014-இல் தொடுத்த புகார், உச்ச நீதிமன்றம் வரை போனபோது வோடபோன் ஐடியாவின் பெயரில்தான் விசாரிக்கப்பட்டது. தொலைத்தொடர்புச் சேவை பற்றிய புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரி 16 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்திச் சட்டத்தைக் காட்டி அதுவரை எழுப்பப்பட்டுவந்த தடை அத்துடன் நீங்கியது.

தகராறு வந்தால், முதலில் வாடிக்கையாளர் சேவையில் புகாரளித்துப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியளிக்காவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால், ஈரோட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரே போதும், காந்திநகர் வரை போக வேண்டியதில்லை. சேவைக்காக நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு.

அரசுக் கம்பெனி என்ற பேச்சில் சிறு உண்மை இருக்கிறது. மோசடிக்காரர்களுக்கு அந்தச் சிறிதளவே போதுமானது. அரசுக்குச் செலுத்த வேண்டிய நிலுவை பங்குகளாக மாற்றப்பட்டதால், 2025 ஏப்ரலில் மத்திய அரசின் பங்கு சுமார் 49 சதவீதமானது. ஆனால் நிர்வாகம் பழைய உரிமையாளர்களிடமே தொடர்ந்தது; அது பிஎஸ்என்எல் போன்ற அரசு நிறுவனமாகிவிடவில்லை. உங்கள் சிம்முக்கும் இந்தப் பங்குக் கணக்குக்கும் தொடர்பே கிடையாது. 3ஜி சிம்மை 4ஜியாக மாற்றுவதுபோலத் தொழில்நுட்பக் காரணத்துக்காகச் சிம் மாற்ற நேரிடலாம். அப்போதும் அடையாள அட்டையுடன் நிறுவனத்தின் கடைக்கு நேரில் செல்லுங்கள். இப்படிப்பட்ட அழைப்பில் ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

இனி, வேறு நிறுவனத்துக்கு மாறுவது பற்றி. பெயர் மாற்றம் அதற்குக் காரணமாகாது. கவலைப்பட வேண்டியது உரிமம் முடியும்போதும், நிறுவனம் நொடிக்கும்போதும்தான். உங்களுடைய அதே பிபிஎல் பெயரில் மும்பையில் இயங்கிய நிறுவனம் ஹட்ச் கைக்கு வராமல் லூப் மொபைல் ஆகி, 2014 நவம்பரில் உரிமம் முடிந்து மூடப்பட்டது. தமிழ்நாட்டில் ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் நடவடிக்கைக்குப் போனபோது, சிக்னல் இல்லாமல், அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறத் தேவையான போர்ட் கோடு கிடைக்காமல் மக்கள் அலைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் சிக்னல் நன்றாக இருந்தால், மாறாமல் இருப்பதே என் யோசனை. சரியில்லை என்றால் அலைபேசியிலிருந்து 1900-க்குப் போர்ட் குறுஞ்செய்தி அனுப்பிக் கோடு பெறுங்கள். அது தமிழ்நாட்டில் நான்கு நாள் செல்லும். அதற்கு முன் போஸ்ட்பெய்டு பில் பாக்கியைக் கட்டி முடித்திருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் உள்ள விதிப்படி, தொலைந்த அல்லது பழுதான சிம்முக்குப் பதில் புதிது வாங்கினால் அடுத்த ஏழு நாளுக்குப் போர்ட் செய்ய முடியாது என்பதால், இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.