போரிலிருந்து திரும்பியவன் கதை: கேள்வி பதில்

கோட்டூர்புரத்தில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் எடுத்துக்கொண்ட விஷயம்: போரில் மனம் உடைந்தவர்களைக் கதைகள் எப்படிக் காட்டுகின்றன, அவர்கள் மாறுவதை எப்படி எழுதுகின்றன. அன்று நேரம் போதவில்லை. மிச்சக் கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். மனநல ஆலோசகராகவும் நாவல்களை விடாமல் படிப்பவளாகவும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேடம், நான் உதவி இயக்குநர். என் ஸ்கிரிப்டில் ஹீரோ முன்னாள் ராணுவ வீரர். தீபாவளி வெடிச் சத்தம் கேட்டதும் அவருக்குப் பழைய நினைவு வருகிறது, ஃப்ளாஷ்பேக் போகிறோம். புதுசா ஏதாவது யோசி என்கிறார் டைரக்டர். காட்சியைத் தூக்கிவிடவா? (வடபழனி)

வெடிச் சத்தம் பொய்யில்லை தம்பி, அப்படி நடப்பதுண்டு. ஆனால் ஃப்ளாஷ்பேக்கை நிறம் மாற்றி, இசை மாற்றிக் காட்டும்போது 'இது பழசு' என்று பார்ப்பவருக்குச் சொல்லிவிடுகிறீர்கள். அனுபவிக்கிறவருக்கு அது பழசே இல்லை, இப்போது நடக்கிறது. வர்ஜீனியா வுல்ஃப் 1925-ல் எழுதிய 'மிஸஸ் டாலோவே' நாவலில், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய செப்டிமஸ் லண்டன் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறான். சாம்பல் நிற உடையில் யாரோ ஒருவர் நடந்து வருகிறார். செத்துப்போன நண்பன் எவன்ஸ்தான் வருகிறான் என்று இவனுக்குப் படுகிறது. பூங்கா அப்படியேதான் இருக்கிறது, வெயிலும் அப்படியே. நடுவில் எந்தத் திரையும் விழவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எவன்ஸ் செத்தபோது தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று செப்டிமஸ் பெருமைப்பட்டவன். பிறகு எதையுமே உணர முடியாமல் போனதுதான் அவனை வதைக்கிறது. உங்கள் ஹீரோ அலறுவதைவிட, மகள் கல்யாணத்தில் கண் கலங்காமல் நிற்கட்டும். ஹோட்டலில் சுவரை ஒட்டி, வாசலைப் பார்த்தபடி இருக்கும் மேஜைதான் வேண்டும் என்று காத்திருக்கட்டும். ரங்கநாதன் தெருவுக்குள் மனைவியை அனுப்பிவிட்டு வெளியிலேயே நிற்கட்டும். அதற்கப்புறம் வெடிச் சத்தம் வந்தால் வரட்டும்.

டாக்டர், போர் தரும் மனக்காயம் என்பதே மேற்கத்தியச் சிந்தனை, சங்கப் பாட்டில் வீரம்தான் இருக்கிறது என்கிறார் எங்கள் பேராசிரியர். சரியா? (மாணவி, தாம்பரம்)

நான் டாக்டர் இல்லைம்மா, ஆலோசகர்தான். பெயர் மேற்கத்தியது, உண்மை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அது PTSD என்ற பெயரில் நோயாக இடம்பெற்றதே 1980-ல்தான். ஆனால் முல்லைப்பாட்டைத் திறந்து பாருங்கள். பாசறையில் அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. போர் மேல் உள்ள ஆசைதான் காரணம் என்று பாட்டே சொல்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அவன் மனதில் ஓடுவதைப் பாருங்கள்: வேல் பாய்ந்து புண்பட்டுப் பெண் யானைகளை மறந்த ஆண் யானைகள், செத்து விழுந்த வீரர்கள், அம்பு தைத்ததால் "செவி சாய்த்து உண்ணாது உயங்கும் மா". காதைச் சாய்த்துக்கொண்டு, தீனி தின்னாமல் வாடும் குதிரை! காயத்தை இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்த வரிகள் எந்த மொழியிலும் அபூர்வம். ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறு கையைத் தலைக்குக் கொடுத்து அவன் வெகுநேரம் யோசிக்கிறான்.

நெடுநல்வாடையில் அரசன் நடுச்சாமத்தில் எழுந்து போய்க் காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறான். வாடைக்காற்றில் விளக்குச் சுடர் சாய்கிறது, தூறல் விழுகிறது. இந்த இரண்டு பாட்டையும் உங்கள் பேராசிரியரோடு சேர்ந்தே படியுங்கள். வீரமும் இருக்கிறது, தூக்கம் கெட்ட இரவும் இருக்கிறது.

அன்பு இருந்தால் குணமாகும் என்று காட்டும் கதைகள் பொய்யா, அக்கா? (அம்பத்தூர்)

முழுப் பொய் இல்லை. செப்டிமஸும் மனைவியும் கடைசி நாள் மாலையில் ஒரு தொப்பிக்கு ரிப்பனும் பூவும் சேர்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு நிஜம். சற்று நேரத்தில் மருத்துவர் படியேறி வருகிறார், அவன் ஜன்னலிலிருந்து குதித்துவிடுகிறான். அன்பு ஒரு மாலைப்பொழுதைத் தந்தது. அதை மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுக்கும் கதைகளைத்தான் நான் நம்புவதில்லை.

அசோகர் கலிங்கப் போர்க்களத்தைப் பார்த்த அன்றே மாறினாரே. மனமாற்றக் கதைக்கு அதைவிட முன்மாதிரி உண்டா? (பள்ளி ஆசிரியர், பெரம்பூர்)

சினிமாவும் பாடப்புத்தகமும் சேர்ந்து நம் மனதில் பதித்த காட்சி அது, சார். கல்வெட்டுகள் சொல்வது இதைவிட ஆழமானது. 13-ஆம் பெரும்பாறைக் கல்வெட்டில், கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று அவரே வருந்திச் சொல்கிறார். அதே கல்வெட்டில் காட்டுவாசிகளை எச்சரிக்கவும் செய்கிறார்: வருந்தினாலும் தண்டிக்கும் பலம் தன்னிடம் இருக்கிறது என்று. இந்தக் கல்வெட்டு கலிங்கத்தில் உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் இல்லை. யார் மேல் படையெடுத்தாரோ அவர்கள் கண்ணில் படும் இடத்தில் அந்த வருத்தம் வெட்டப்படவில்லை.

சிறுபாறைக் கல்வெட்டு ஒன்று எனக்கு இன்னும் பிடித்தது. புத்தரைப் பின்பற்றும் உபாசகனாகி இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகிறது, அதில் ஓராண்டு பெரிதாக முயற்சி எதுவும் எடுக்கவில்லை, பௌத்தத் துறவிகளின் சங்கத்தை நெருங்கிய பிறகுதான் ஊக்கம் வந்தது என்கிறார். சக்கரவர்த்திக்கே மாற்றம் இப்படி இழுத்து இழுத்துத்தான் வந்திருக்கிறது, அதுவும் நாலு பேர் துணையோடு. நாவலாசிரியர் அந்த ஓராண்டை எழுத வேண்டும். மனசு வருந்திவிட்டது, நடத்தை இன்னும் மாறவில்லை. அந்த நாட்களில் அவர் யாரிடம் எரிந்து விழுந்தார், எந்தத் தீர்ப்பை எப்படிச் சொன்னார்? மாற்றத்தை நான் அங்கேதான் தேடுவேன்.

அக்கா, நான் வன்னியில இருந்து வந்தனான். எங்கட கதையள்ல கடைசியில ஆக்கள் தேறி வந்தமாதிரிக் காட்டினாத்தான் வாசிக்கிற ஆக்களுக்கு நிம்மதி போல கிடக்கு. எனக்கு அப்பிடி முடிக்க மனம் வருதில்லை. பிழையோ? (வளசரவாக்கம்)

பிழையே இல்லை தம்பி. வாசிப்பவருக்கு நிம்மதி தர வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக 2017-லிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் உட்கார்ந்த தாய்மாரை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் கிடைக்கவில்லை, அந்தியேட்டி என்ற இறுதிச் சடங்கைச் செய்ய முடியாது. 'மாறு, தேறு' என்று அந்தத் தாயிடம் சொன்னால், 'பிள்ளை செத்ததை ஒப்புக்கொள்' என்றுதான் அவள் காதில் விழும். அவள் மாறாமல் இருப்பதே ஒரு செயல். அவளை நோயாளியாக எழுதும் கதை அவளுக்கு அநியாயம் செய்கிறது.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அங்கே உடைந்தது தனிமனங்கள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையும்தான் என்று எழுதி வந்திருக்கிறார். அதனால் ஒரு ஆள் தனியாக யோசித்துத் திருந்தும் முடிவு உங்கள் கதைக்கு ஒட்டாது. பக்கத்து வீட்டில் ஒரு கோப்பை தேத்தண்ணி வாங்கிக் குடிக்க முடிகிற நிலைக்கு ஒருவர் வந்தால், அதுவே பெரிய நகர்வு. அவ்வளவு சின்னதாக எழுதுங்கள்.

அம்மா, நான் இந்திய அமைதிப்படையில் 1987-ல் யாழ்ப்பாணம் போனவன். திரும்பி வந்தபோது வரவேற்கவும் ஆளில்லை. எங்கள் காயத்தை எழுத யாருமே இல்லையா? (ஆவடி)

ஐயா, உங்கள் கேள்வியைப் பலமுறை படித்தேன். 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் சொன்ன காரணம். அனுப்பிய நாடும் உங்களைச் சீக்கிரம் மறந்தது.

வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை தந்த ஜானதன் ஷே 1994-ல் ஒரு புத்தகத்தில் சொன்னது இங்கே பொருந்தும்: பயத்தால் வந்த காயத்தைவிட, மேலே இருப்பவர்கள் நியாயத்தை மீறியதால் வந்த காயம் ஆறுவது கடினம். ஆனால் 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் நோயாளிகளும் ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே கதையில்தான் இருக்கிறது. நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. சிப்பாயின் தூங்காத இரவை மட்டும் எழுதி, அந்தப் படுக்கைகளை விட்டுவிட்டால் கதை பாதியாகிவிடும்.

நீங்களே எழுதுங்கள், ஐயா. இலக்கியமாக வர வேண்டும் என்ற கவலை வேண்டாம். எழுதும்போது யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்கும் உங்கள் பக்கத்தில் பேச இடம் விடுங்கள். அவர் சொல்வது உங்களுக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு வந்து வாசியுங்கள். வளசரவாக்கத்துத் தம்பியும் வருவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கேட்டுக்கொள்கிறேன்.