தேரிக்காட்டுக்குள் ஜீப் ஓட்டலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். போன வருஷம் தார் ஜீப் வாங்கினோம். துபாயில் வேலை பார்க்கும் எங்கள் அத்தான் ஜனவரியில் லீவில் வருகிறார். அங்கே பாலைவன மணலில் வண்டி ஓட்டிப் பழகியவர். "டயரில் காற்றைக் குறைத்துவிட்டால் நம்ம தேரியிலும் ஓட்டலாம்" என்கிறார். திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் காடான குதிரைமொழித் தேரிக்குள் போய் மணல் மேடுகளையும் மழை அறுத்த பள்ளங்களையும் பார்க்க ஆசை. காற்று எவ்வளவு வைக்கவேண்டும்? ஜனவரி சரியான மாதமா? பத்து வயது மகளையும் கூட்டிப் போகலாமா?

பதில்: ஜனவரி நல்ல மாதம். மகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் வண்டியைத் தேரிக்கு வெளியே, ஊர் ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே நடந்து போங்கள்.

முதல் காரணம் சட்டம். குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் வண்டியோடு நுழைந்தால் வழக்கு வரும், வண்டியும் மாட்டிக்கொள்ளும். உள்ளே வெகுதூரம் நடப்பதாக இருந்தாலும் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்கும், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கும் ரோடு இருக்கிறது. சாமி கும்பிட யார் வேண்டுமானாலும் போகலாம். தேரி எப்படி இருக்கும் என்பது அந்த ரோடுகளிலேயே பாதி தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் மண். எனக்கு இதுதான் பெரிது. உங்கள் அத்தான் ஓட்டியது ஓடுகிற மணல். இன்று போட்ட டயர் தடம் நாளைக்கு அங்கே இருக்காது. தேரி மணலின் குணம் வேறு. அதன் துகள்மேல் இரும்பு ஆக்சைடு பூசியிருக்கிறது, அந்தச் சிவப்பு அதனால் வந்தது. துகளுக்கு நடுவே கொஞ்சம் களிமண்ணும் வண்டலும் உண்டு. மழை பட்டுக் காய்ந்தால் மேலே மெல்லிய பொருக்குத் தட்டும். குனிந்து விரலால் அழுத்திப் பாருங்கள், அப்பளம்போல நொறுங்கும். அந்தப் பொருக்கும், அதைத் துளைத்து நிற்கும் புல்வேரும், உடைமர வேரும்தான் தேரியைப் பிடித்து வைத்திருக்கின்றன. வண்டி ஒருமுறை ஏறி இறங்கினால் பொருக்கு இரண்டு பட்டையாக உடையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்று அந்த உடைப்பில் பிடித்து மண்ணை வாரும். ஒருகாலத்தில் இந்தத் தேரி நகர்ந்து நகர்ந்து வயலையும் வீட்டையும் மூடியிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலேயே பனையும் உடையும் நட்டுக் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள். பிறகு வனத்துறை கொல்லா மரம், அதாவது முந்திரி, வைத்தது. அத்தனை பேர் பாடுபட்டுக் கட்டிய மணலை ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்காக அவிழ்த்துவிடக் கூடாது.

சரி, அப்படியானால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எதற்கு? உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் ஊருக்கும் தோட்டத்துக்கும் போகும் மணல் தடங்கள் நிறைய உண்டு. பட்டா நிலமென்றால் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு போகலாம். பனையடியில் நிற்பவரிடம் "அண்ணாச்சி, இந்தத் தடம் எங்கே போகுது, வண்டி போகுமா?" என்று கேட்டால் எந்த மேப்பும் சொல்லாததைச் சொல்வார். காற்று பற்றிய உங்கள் கேள்வி இந்தத் தடங்களுக்குத்தான் பொருந்தும்.

ரோட்டில் காற்றழுத்தம் 30 முதல் 35 பிஎஸ்ஐ வைத்திருப்பீர்கள். ஆழ மணலுக்கு 18 வரை இறக்கலாம் என்பது பொதுக்கணக்கு. டயர் தட்டையாகி நீளவாக்கில் பரவும், வண்டியின் பாரம் அதிக இடத்தில் இறங்கும், அதனால் மணலில் புதையாது. அத்தான் சொல்வதில் தப்பில்லை. ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும். தடத்தின் இரண்டு ஓரமும் உடைமுள், போதாததற்குச் சீமைக்கருவேல முள். கீழே கிடக்கும் பனைமட்டைக்கு ரம்பம் போன்ற கருக்கு உண்டு. டயரின் அடிப்பாகத்தில் முள் ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச்சுவர் கிழிந்தால் டயரையே மாற்றவேண்டும். அதனால் இங்கே முதலில் 24-க்கு மட்டும் இறக்குங்கள். வண்டி திணறினால் 20. அதற்கும் கீழே போகவேண்டிய தடம் என்றால் திரும்பிவிடுவது நல்லது. கையடக்க கம்ப்ரஸர் கட்டாயம் வேண்டும். குறைந்த காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

மணலில் ஓட்டும்போது லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர்) போட்டு, ஒரே சீராகப் போங்கள். பிரேக்கை அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, மறுபடி கிளம்புவது கஷ்டமாகிவிடும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் போதும், வண்டி தானாக நிற்கும். நிறுத்துவதாக இருந்தால் முகம் இறக்கத்தைப் பார்த்திருக்கட்டும். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்றால் அந்த நொடியே காலை எடுங்கள். மேற்கொண்டு மிதித்தால் அச்சு மண்ணில் உட்கார்ந்துவிடும். இறங்கி, மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சரிவாக வெட்டிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை வேண்டும், இல்லாவிட்டால் ஜாக்கிதான் புதையும். கயிறு கட்டி இழுக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. கயிறோ கொக்கியோ தெறித்தால் உயிர் போகும்.

இன்னொன்று, தருவை. புத்தன் தருவை, வைரவன் தருவை போன்ற நீர்நிலைகள் வற்றியதும் மைதானம் மாதிரி கெட்டியாகத் தெரியும். வெடித்துக் காய்ந்த மேல்மண்ணுக்குக் கீழே சேறு அப்படியே இருக்கும். மணலில் மாட்டிய வண்டியை இரண்டு பேர் எடுத்துவிடலாம், தருவைச் சேற்றில் மாட்டினால் டிராக்டர் வரவேண்டும். அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே வேண்டாம்.

இனி நடை. வடகிழக்குப் பருவமழை முடிந்து, டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை தேரிக்கு நல்ல காலம். மணல் ஈரத்தில் இறுகியிருக்கும், கால் அதிகம் புதையாது. ஆனால் ஜனவரியிலும் கடலில் ஏதாவது தாழ்வு நிலை என்ற செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் பார்க்க ஆசைப்படும் செம்மண் பள்ளங்கள் அப்படிப்பட்ட மழை அறுத்தவைதான். மணலில் களி கலந்திருப்பதால் பள்ளத்தின் சுவர் செங்குத்தாக நிற்கிறது. அடியில் தண்ணீர் அரித்துக் குடைந்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து தள்ளி நில்லுங்கள். உள்ளே இறங்கினால் சுவரோரம் நிழலுக்கு உட்காரக் கூடாது. மழை இருட்டினால் உடனே மேலே ஏறிவிடுங்கள்.

அந்தப் பள்ளங்களில் தரையையும் கொஞ்சம் கவனியுங்கள். சிவப்பு மண்ணில் கட்டைவிரல் நகத்தளவு வெள்ளைக் கல் சில்லு கிடக்கலாம். ஓரம் மட்டும் கூராக, ஒரு பக்கம் வரிசையாகச் செதுக்கியதுபோல இருந்தால் அது மனிதன் செய்த கருவி. சிறிய கத்தி, அம்புமுனை மாதிரியான நுண்கற்கருவிகள் இந்தத் தேரிகளில் கிடைப்பதை நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார். தொல்லியலாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகத் தொல்லியலில் தேரிக்கு ஒரு பெயரே உண்டு. படம் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லை அது கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அப்புறம் அது வெறும் கல்தான்.

காலை 6 மணிக்கு நடக்க ஆரம்பித்து 10 மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள். மணலில் நடக்கக் கெட்டித் தரையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ரோட்டில் எட்டு கிலோமீட்டர் நடப்பவர் இங்கே மூன்று, நான்கு என்று கணக்குப் போடவேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர் அல்லது நீராகாரம். பாதித் தண்ணீர் தீர்ந்த இடம் திரும்பவேண்டிய இடம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு கிளம்புங்கள். செருப்பு உதவாது, கணுக்கால் மூடிய ஷூ போடுங்கள். மேட்டில் ஏறும்போது காற்று அடிக்கும் பக்கமாக ஏறினால் சரிவு குறைவு, மண்ணும் கெட்டி. எதிர்ப்பக்கம் ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கும்.

வழி தவறுவது தேரியில் சுலபம். எந்தப் பக்கம் பார்த்தாலும் பனை, கொல்லா, உடை, நடுவே சிவப்பு. வண்டி நிற்கும் இடத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள், மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போன் அணைந்துவிட்டாலும் பதறவேண்டாம். தேரியைச் சுற்றி ஊர்கள் இருக்கின்றன. காலை வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு கிழக்கே ஒரே நேராக நடந்தால் ரோடோ ஊரோ வந்துவிடும். இங்கும் அங்கும் மாறி மாறி நடப்பதுதான் ஆளைத் தளர்த்திவிடும்.

பாம்புகளில் கவனிக்கவேண்டியது சுருட்டை விரியன். சின்ன உருவம், மண் நிறம், புல் புதருக்கு அடியில் மணலோடு மணலாகக் கிடக்கும். வெளிச்சம் வந்த பிறகு நடப்பதும், கை வைக்கும் இடத்தைப் பார்த்து வைப்பதும் போதும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமானால் உங்கள் வண்டியிலேயே திருச்செந்தூர் அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். இதற்காகவே கூட்டத்தில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர் வண்டியோடு வெளியிலேயே இருக்கவேண்டும்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் தடவை அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் கூட்டிப் போங்கள். நாலாபக்கமும் காய்ந்த தேரி இருக்க, நடுவில் நல்ல தண்ணீர்ச் சுனை. மேட்டில் விழுந்த மழையை மணல் உறிஞ்சிக் கீழே இறக்கி, தாழ்வான இடத்தில் கசிய விடுகிறது. புத்தகத்தில் படிக்கும் நிலத்தடி நீரை அவள் நேரிலேயே பார்க்கலாம். ஒரு மணி நேர நடைக்கு மேல் வேண்டாம், தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். மணல் கணுக்காலுக்கு மேல் சுடுகிறது என்று சொன்னால் அப்போதே திரும்புங்கள், குழந்தை உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். ஜனவரியில் கொல்லா பூத்துத்தான் நிற்கும். கோடையில் மறுபடி போனால் பழம் தொங்கும். அது குத்தகைக்காரர் சொத்து, கேட்டு வாங்கித் தின்னலாம். பச்சைக் கொட்டையை மட்டும் அவள் பல்லால் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டால் உதடு புண்ணாகிவிடும்.