கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு தேசிய ஆய்வுகூடமா?

கேள்வி (கொக்குவில்): சூரியக்கலப் பொருட்களில் கலாநிதிப் பட்டம் முடித்தேன். போஸ்ட்டொக் (பட்டத்துக்குப் பிந்திய ஒப்பந்த ஆய்வு வேலை) கேட்டு, ஆர்கோன், ஓக் ரிட்ஜ் என்று அமெரிக்காவின் தேசிய ஆய்வுகூடங்கள் பலவற்றுக்கு விண்ணப்பம் அனுப்பியும் பதில் இல்லை. யாழ்ப்பாணப் பட்டம் என்பதாலா?

இல்லை, தங்கச்சி. கடிதத்தில் "எந்தத் துறையிலும் வேலை செய்ய ஆயத்தம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இன்றைக்கே வெட்டுங்கள். போஸ்ட்டொக்கைத் தெரிவு செய்பவர், கையில் ஒரு திட்டமும் அதற்கான பணமும் வைத்திருக்கும் விஞ்ஞானி ஒருவர். அவருக்குத் தேவை குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யத் தெரிந்த ஆள். அவருடைய கடைசி மூன்று கட்டுரைகளை வாசியுங்கள். பிறகு அரைப் பக்கம் எழுதுங்கள்: எந்தக் கருவியை நீங்களே இயக்குவீர்கள், அவருடைய எந்தக் கேள்வியை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். மாரி காலத்து ஈரப்பதத்தில் பெரோவ்ஸ்கைட் என்ற சூரியக்கலப் பொருளின் மெல்லிய படலங்கள் கெட்டுப்போவதோடு மல்லுக்கட்டியதாகச் சொல்கிறீர்களே, அதை ஏன் கடிதத்தில் விட்டீர்கள்? படலம் ஏன் சிதைகிறது என்று தேடுபவருக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். பட்டம் பெற்ற திகதியையும் போடுங்கள். ஆர்கோன் போன்ற இடங்களில் பொதுவாக ஐந்து வருடத்துக்குள் முடித்தவர்களைத்தான் எடுப்பார்கள். ஜேர்மனியின் ஹம்போல்ட் புலமைப்பரிசிலுக்கும் இப்படிக் காலக் கணக்கு உண்டு. ஆகவே தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி (பருத்தித்துறை): இலங்கைக் குடியுரிமையோடு அமெரிக்காவின் எல்லாத் தேசிய ஆய்வுகூடங்களுக்கும் போகலாமா?

எல்லாவற்றுக்கும் இல்லை. எரிசக்தித் திணைக்களத்தின் கீழ் 17 ஆய்வுகூடங்கள் உள்ளன. அவற்றில் லொஸ் அலமோஸ், லோரன்ஸ் லிவர்மோர், சாண்டியா மூன்றும் அணுவாயுத வேலையும் செய்வதால், அங்கே பல பதவிகள் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். ஆர்கோன், பேர்க்லி, ஓக் ரிட்ஜில் வெளிநாட்டவர்கள் நிறைய. அங்கும் நுழைவு அனுமதிக்குக் காலம் எடுக்கும், அதனால் வேலை கிடைத்த கையோடு விமானச் சீட்டு எடுக்க வேண்டாம்.

கேள்வி (சாவகச்சேரி, ஒரு தாய்): மகள் இவ்வளவு படித்த பிறகும் இன்னும் படிப்பா?

அம்மா, போஸ்ட்டொக் என்பது படிப்பு இல்லை, சம்பளமும் ஒப்பந்தமும் உள்ள வேலை. ஆனால் நிரந்தரம் இல்லை; பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடம். முடிந்த பிறகு எங்கே போவதென்று மகள் முதல் வருடமே யோசிக்க வேண்டும். அதைக் கேளுங்கள், படிப்பைக் கேட்காதீர்கள்.

கேள்வி (கிளிநொச்சி, விரிவுரையாளர்): பிள்ளைகள் சின்னவர்கள், பல்கலைக்கழகத்துக்கு ஒப்பந்தக் கடமையும் இருக்கிறது. வெளியே போக முடியாது. எனக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. இந்த வழி நம்மில் பலருக்குத் தெரியாமல் கிடப்பது எனக்கு உண்மையில் கவலை. ஆர்கோன் போன்ற இடங்களின் எக்ஸ் கதிர் மூலங்களில் (பொருட்களின் உள்ளமைப்பை அளக்க மிகச் செறிவான எக்ஸ் கதிர் தரும் பெரிய இயந்திரங்கள்), அங்கே வேலை செய்யாதவர்களும் கருவி நேரம் கேட்டு முன்மொழிவு அனுப்பலாம். முடிவைப் பகிரங்கமாக வெளியிடும் ஆய்வுக்குக் கட்டணம் இல்லை. பயணச் செலவை நீங்கள்தான் தேட வேண்டும். சில கருவிகளுக்கு மாதிரியைத் தபாலில் அனுப்பினாலே போதும், அளந்து தருவார்கள். முன்மொழிவு எழுதுமுன் அந்தக் கருவியின் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: உங்கள் மாதிரியின் தடிப்பு, அளவு, எதை அளக்க வேண்டும் என்று. அவர் சரி என்றால் பாதி வேலை முடிந்தது.