ஓட்டோடு உறைய வைக்கலாமா?

கேள்வி: எங்கள் கோழிகள் இடும் முட்டைகள் மிஞ்சுகின்றன. அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் ஆறு மாதம் தாங்குமா?

பதில்: ஓட்டோடு மட்டும் வைத்துவிடாதீர்கள்! உறையும்போது உள்ளிருப்பது விரிந்து ஓட்டைப் பிளந்துவிடும். நான் ஒவ்வொன்றாகச் சிறு கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பேன். ஒரு கெட்ட முட்டை மொத்தத்தையும் பாழாக்கிவிடும். நுரை எழாமல் மெதுவாகக் கலக்குங்கள். ஒரு கப்புக்கு அரை டீஸ்பூன் உப்பு அவசியம். இல்லாவிட்டால் மஞ்சள் கரு பசைபோல இறுகி, உருகிய பின்னும் இளகாது. ஐஸ் தட்டில் ஊற்றி உறைந்ததும் மூடிய டப்பாவுக்கு மாற்றித் தேதி எழுதுங்கள். மூன்று டேபிள்ஸ்பூன் ஒரு முட்டைக்குச் சமம். ஓராண்டு வரை வைக்கலாம். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உருகவிட்டு, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.